குளித்துக் குளித்துக் கெட்டுப்போன கிடா

எனக்குக் கழுவுவதில் பைத்தியம். சிலருக்கு மீன்பிடிப்பதில் பைத்தியம் இருக்கும், சிலருக்குப் பந்து, சிலருக்குப் பழைய பாட்டு. எனக்கு ஒரு ரப்பர் பைப்பும் கொஞ்சம் சோப்பு நுரையும் அழுக்காக ஏதாவது ஒன்றும் இருந்தால் போதும், உலகமே மறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளைக் கழுவுவேன். அது முடிந்ததும் பக்கத்து வீட்டில் இருக்கும் மச்சானுடைய காரை, எங்கள் பேச்சில் காடியை, கழுவுவேன். அவன் கேட்டிருக்கவே மாட்டான். காடியும் முடிந்த பிறகு கை அடங்காமல் வேலியைக் கழுவுவேன். ஒருமுறை தபால்காரர் வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவருடைய பின்சக்கரம் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது, முன்சக்கரத்தில் நான் இருந்தேன். மனிதர் அதன் பிறகு தபாலை வேலிக்கு வெளியே நின்றே வீசுகிறார்.

நாங்கள் இருப்பது மலேசியாவில் நிபோங் தெபால் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு பலகை வீட்டில். நாங்கள் என்றால் நானும் என் மனைவியும்தான். மகனும் மகளும் கோலாலம்பூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு வேலை பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில், கப்பல் சரக்குக்கு ஆவணங்கள் தயார் செய்யும் ஒரு சின்ன ஆபீசில். காலையில் ரயிலேறி பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, இறங்கி நடந்தால் ஆபீஸ். ஃபெரியில் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நான் மட்டும் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு வருவேன். விலாவில் துரு வழிந்த கோடுகளோடு ஒரு கப்பல் நின்றுவிட்டால் எனக்கு உள்ளங்கை அரிக்கும். நீளமான பிரஷ் ஒன்றும் ஒரு வாரம் லீவும் கொடுத்தால் முடித்துவிடலாம் என்று மனக்கணக்குப் போடுவேன். இதை வீட்டில் சொன்னால் என் மனைவி, "கப்பல விட்டுட்டு மொதல்ல உங்க சாப்பாட்டு டப்பாவ கழுவுங்க" என்பாள். டப்பா கழுவுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அதில் பைப்புக்கு வேலையே கிடையாது.

முன்பெல்லாம் பட்டர்வொர்த் வரை மோட்டாரில்தான் போவேன். ஒரு மழைக்காலையில், லாரியிலிருந்து உதிர்ந்து ரோட்டில் கிடந்த செம்பனைப் பழத்தின் மேல் முன்சக்கரம் ஏறியது. அப்புறம் மோட்டார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வலது கால் முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். "இனிமேல் நடக்கலாம், ஆனால் நீங்கள்தான் மனசு வைக்க வேண்டும்" என்றார் டாக்டர். நான் வைக்கவில்லை. காலைவிட மனசுதான் மோசமாக முறிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் கட்டிலே கதி என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஊன்றுகோல் மூலையில் சாத்தியபடியே இருந்தது. அதன் மேல் தூசு படிந்தது. அந்தத் தூசைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். ஒன்றும் பலிக்காமல் கடைசியில் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். இவர் எழுந்து நடக்கட்டும், உனக்கு ஒரு கருப்புக் கிடா வெட்டுகிறேன். வேண்டிக்கொண்ட கையோடு பூசாரியிடம் சொல்லி ஒரு குட்டியையும் வாங்கிவிட்டாள். பூசாரி மற்ற நாட்களில் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர். லாரியின் பின்னால், பழக்குலைகளுக்கு நடுவே அது வந்து இறங்கியது. கட்டிலுக்கு எதிரே இருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கருப்புக் குட்டி என்று சொன்னார்கள். சேறு, எண்ணெய், சாணி, உண்ணி எல்லாம் அப்பிக்கொண்டு அதற்கு நிறமே இல்லை.

ஓரிரு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒரு காலையில் அது நேராக ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, முகமெல்லாம் சேற்றோடு என்னை அண்ணாந்து பார்த்து "மே" என்றது. எனக்குத் தாங்கவில்லை. மூலையில் இருந்த ஊன்றுகோலை எடுத்து, சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, வாய்க்கு வந்தபடி அதைத் திட்டிக்கொண்டே பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். அடுப்படியில் நின்ற என் மனைவி தோசைக் கரண்டியும் கையுமாகச் சிலையாகிவிட்டாள். பிறகு கரண்டியைப் போட்டுவிட்டு, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தோசை கருகிப்போனது. இரண்டு பேரும் அதைச் சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

அன்று நுரை வடிந்ததும் உள்ளேயிருந்து ஒரு கருப்பு வந்தது பாருங்கள்! நான் எத்தனையோ காடி கழுவியிருக்கிறேன். எந்தக் காடியும் கழுவி முடித்ததும் என் முழங்காலில் வந்து தலையைச் சாய்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளும் குளிப்பாட்டினேன். அதற்கு மறுநாளும். ஆட்டுக்குத் தண்ணீர் ஆகாது என்று ஊரெல்லாம் சொன்னார்கள். வெயில் ஏறும் நேரமாகப் பார்த்துக் குளிப்பாட்டி, ஈரம் போகத் துடைத்துவிட்டால் எல்லாம் ஆகும். ஊன்றுகோல் எப்போது மூலைக்குத் திரும்பிப் போனது என்று எனக்கு நினைவில்லை. மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ரயிலுக்கு நேரமாகிவிடும் என்று சாயங்காலக் குளியலாக மாற்றிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் ஒரே ஒரு தொல்லைதான். தண்ணீர் பட்டதும் அது உடம்பைச் சிலுப்பும். நுரை முழுக்க என் கண்ணில். விடுவேனா? வாழைப்பழத் தோலை வைத்துக்கொண்டு பழக்கினேன். பைப்பைத் திருப்பும்போது சிலுப்பக் கூடாது. சோப்புப் போடும்போது சிலுப்பக் கூடாது. முன்னங்காலைத் தொட்டால் தூக்கித் தர வேண்டும், குளம்பைத் தேய்ப்பதற்கு. அப்புறம் தானாகத் திரும்பிப் பின்பக்கத்தைக் காட்ட வேண்டும். எல்லாம் முடிந்து, குழாயை மூடி, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நான் பட்டென்று உதறினால்தான் சிலுப்பலாம். அது என்னைவிடக் கெட்டிக்காரக் கிடா. சீக்கிரமே கற்றுக்கொண்டது. என் மனைவி அடுப்படி ஜன்னலில் நின்று இந்தக் கூத்தைத் தினமும் பார்ப்பாள். "பெத்த பிள்ளைங்கள ஒரு நாள் குளிப்பாட்டியிருப்பீங்களா?" என்று மட்டும் கேட்பாள். நியாயமான கேள்விதான். நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவேன்.

சோப்பு அதன் தோலைச் சொரசொரப்பாக்கியது. ஒரு மத்தியானம் டவுனில், ஆபீசுக்குப் பக்கத்தில் செல்லப்பிராணிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த சீன அக்கா மலாய் மொழியில், என்ன நாய், ரோமம் நீளமா குட்டையா என்று விசாரித்தார். நான் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய புட்டியை எடுத்து வந்தார். மல்லிகை மணம். அன்று ஃபெரியில் அந்தப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்ததை யாராவது பார்த்திருந்தால் எனக்குக் குழந்தை பிறந்திருப்பதாக நினைத்திருப்பார்கள்.

மல்லிகை மணக்கும் கிடாவைப் பற்றித் தோட்டம் முழுக்கப் பேச்சு. ஆபீசில் எனக்கு ஆட்டுக்காரர் என்று பெயர் விழுந்தது. கோலாலம்பூரிலிருந்து பிள்ளைகள் வீடியோவில் கூப்பிட்டால், "அப்பா, நீங்க கொஞ்சம் தள்ளுங்க, அவனக் காட்டுங்க" என்றார்கள். நான் தள்ளிக்கொண்டேன். கோபமே வரவில்லை.

இந்த ஆனந்தத்தில் ஒன்றை மறந்துபோனேன். மறக்கவில்லை, நினைக்காமல் இருந்தேன். என் மனைவி மறக்கவில்லை. கிடா நன்றாக வளர்ந்துவிட்ட ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பூசாரிகிட்ட சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம."

நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன். "வேற ஆடு வாங்கிக்கலாமே" என்றேன்.

"சாமிக்குன்னு சொல்லித்தான் இத வாங்குனேன். மாத்துனா சாமி குத்தம்."

"கொஞ்ச நாள் போகட்டும்லா. இப்பத்தான் ரோமம் நல்லா வந்திருக்கு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். விளையாட்டுப் பேச்சு அவள் முகத்தில் இல்லை. "வெளயாடாதீங்க. நேந்தத குடுக்கற வரைக்கும் உங்க காலு அவரு கையிலதான் இருக்கு. நீங்க ரயிலுக்குக் கெளம்பிப் போனா, திரும்பி வந்து அந்தக் கேட்டத் தொறக்கற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இல்ல. எனக்கு இத முடிக்கணும். என்னால முடியல."

அவ்வளவு நாளும் நான் கிடாவைக் கொஞ்சிக்கொண்டிருக்க, அவள் இந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள். சரி என்றேன். சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்குக் கடைசிக் குளியல் போட்டேன். புட்டியில் மீதியிருந்த ஷாம்பு முழுவதையும் கொட்டினேன். அது முன்னங்காலைத் தூக்கித் தந்தது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேய்த்தேன்.

கோயில் என்றால் பெரிய கோபுரமெல்லாம் இல்லை. தோட்டத்து ஓரத்தில் ஒரு மரம், தகரக் கொட்டகை, மீசை முறுக்கிய முனியாண்டி, நட்டு வைத்த அரிவாள், சுருட்டு. அக்கம்பக்கத்துச் சனம் ஒரு முப்பது பேர் வந்திருந்தார்கள். மச்சான் குளிக்காமல்கூட வந்து, பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றி, மசாலாவெல்லாம் அரைத்துத் தயாராக நின்றான். என்னைப் பார்த்து, "மாமா, மல்லிப்பூ வாசத்துல கறி எப்படி இருக்குமோ தெரியலையே" என்றான். எனக்கு அவனைக் குண்டானுக்குள் தூக்கிப்போட வேண்டும்போல் இருந்தது. அவன் காடியை இனி ஜென்மத்துக்கும் கழுவுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

கிடா வெட்டுவதற்கு முறை இருக்கிறது. மாலை போட்டு, சாமிக்கு முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரை அதன் மேல் ஊற்ற வேண்டும். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாமல் கத்தியை எடுக்கவே கூடாது. எந்த ஆடாக இருந்தாலும் தண்ணீர் பட்ட மறுகணம் சிலுப்பிவிடும். ஊற்றுவதற்கும் வெட்டுவதற்கும் நடுவில் பூசாரிக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

பூசாரி செம்பைத் தூக்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடிவரை எனக்குத் தோன்றவே இல்லை. செம்பு சாய்ந்தபோதுதான் மண்டையில் பட்டென்று அடித்தது.

மஞ்சள் தண்ணீர் முதுகில் விழுந்தது. கிடா சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

பூசாரி காத்திருந்தார். கூட்டம் காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. "தண்ணி பத்தல" என்று இன்னொரு செம்பு ஊற்றினார். கிடா முன்னங்காலைத் தூக்கி அவரிடம் நீட்டியது. பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அதைப் பிடித்துக்கொள்வதா, கும்பிடுவதா என்று தடுமாறினார். பிடிக்க ஆளில்லாமல் கிடா அந்தக் காலை வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்கியது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாவது தடவை பூசாரி வாளியையே எடுத்துக் கவிழ்த்தார். கிடா முறைப்படி திரும்பி, முனியாண்டிக்கு முன்னால், பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவ்வளவுதான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. பூசாரி வேட்டி நனைந்து நின்றார். எனக்கும் சிரிப்புப் பீறிட்டது. சிரிப்பு மட்டுமா, துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பிழைத்துக்கொண்டது! என் கிடா பிழைத்துக்கொண்டது! அப்போதுதான் என் மனைவியைப் பார்த்தேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டது, அவளுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். கோயிலுக்கென்று நான் போட்டிருந்த துண்டு அங்கே கிடந்தது.

"ஒதறுங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

தினமும் ஜன்னலில் நின்று பார்த்தவளுக்குத் தெரியாதா? அந்த முப்பது பேரில் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். துண்டை ஓர் உதறு உதறினால் போதும், கிடா சிலுப்பும், வேண்டுதல் முடியும், அவள் பயம் தீரும். உதறாவிட்டால் கிடா பிழைக்கும், இவள் இனி ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டைப் பார்த்துக்கொண்டு செத்துப் பிழைப்பாள். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. கிடாவும் இருக்க வேண்டும், இவளும் அழக் கூடாது. கிடா கழுத்தைத் திருப்பி என்னைத் தேடியது. எப்போதய்யா முடிப்பாய் என்பதுபோல் பார்த்தது. இவளுக்கு ஊரில் உள்ள ஆடு மாடெல்லாம் சேர்ந்தாலும் ஈடாகுமா? தோளிலிருந்து துண்டை எடுத்துவிட்டேன். கையையும் ஓங்கிவிட்டேன்.

அவள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். துண்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். நேராகப் போய்க் கிடாவின் பக்கத்தில் மண்டியிட்டு, சாமியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். பேச்சா அது, சண்டை.

"சாமி, நான் கேட்டது இவரு நடக்கணும்னுதான். நீ நடக்க வச்சிட்ட. எப்படி வச்சேன்னு நான் அடுப்படியில நின்னு பாத்தேன். நான் கெஞ்சி எந்திரிக்காத மனுசன், பிள்ளைங்க அழுது எந்திரிக்காத மனுசன், இந்த ஆட்டுக்குத்தான் எந்திரிச்சாரு. இத நீதானே அனுப்புன? நீ அனுப்புனத வெட்டி ஒனக்கே நான் எப்படிக் குடுப்பேன்? இத எடுத்துக்கிட்டா இவரு மறுபடி போய்ப் படுத்துக்குவாரு. இப்பக்கூட எனக்காகத் துண்ட எடுத்துட்டாரு பாரு, நாளைக்கே படுத்துக்குவாரு. அப்புறம் நான் எந்த ஆட்டத் தேடிப் போவேன்?"

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது. அவள் அழுதுகொண்டே கிடாவின் முகத்தைத் துடைத்தாள், காதைத் துடைத்தாள், கொம்பைக்கூடத் துடைத்தாள். இத்தனை நாளில் அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

பூசாரி வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார். "அக்கா, அழாதீங்க. மூணு தடவ கேட்டாச்சு, சாமி குடுக்கல. அவருக்கு வேணாம்னா நாம யாரு? மஞ்சத்துணி கட்டி விட்டுடுவோம். இனிமே இது சாமி ஆடு. யாரும் கை வைக்க முடியாது. நீங்களே வளத்துக்கிட்டு வாங்க. உங்க நேத்திக்கடன் முடிஞ்சிச்சு."

"முடிஞ்சிச்சா?" என்று கேட்டாள் அவள், குழந்தை மாதிரி.

"முடிஞ்சிச்சுக்கா."

அவள் மஞ்சள் துணியைக் கிடாவின் கழுத்தில் கட்டிவிட்டு எழுந்தாள். துணி காயப்போடுகிற பழக்கத்தில் ஈரத் துண்டைப் பட்டென்று உதறினாள்.

கிடா சிலுப்பியது. சாதாரணச் சிலுப்பலா? அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, கொம்பிலிருந்து வால்வரை சிலுப்பியது. மஞ்சள் தண்ணீர் அவள் மேல், என் மேல், முனியாண்டி மீசை மேல். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசாரியைப் பார்த்தோம். அவர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, "தண்ணி கண்ணுல பட்டிருச்சி, நான் ஒண்ணும் பாக்கலலா" என்று சொல்லிவிட்டு, தடவித் தடவிப் போய்ச் சூடத்தை ஏற்றினார். கற்பூரம் ஒற்றிக்கொள்ள நான் குனிந்தபோது ஒரு கண்ணைத் திறந்து, "அண்ணே, அந்த ஷாம்பு லாரிக்குப் போடலாமா?" என்றார்.

மச்சான்தான் பாவம். குண்டானையும் கிடாவையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் பாசாருக்கு ஓடிப்போய்க் கோழி வாங்கி வந்தான். கோழிக்கறி பிரமாதமாக இருந்தது. நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அவன் காடி மேல் போட்ட சபதத்தையும் அப்போதே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது பூசாரி லாரியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். வீடு கொஞ்சம் தூரம், வெயில் வேறு. நான் கிடாவைத் தூக்கி ஏற்றப் போனேன்.

"வேணாம். நடந்தே போவோம்" என்றாள் அவள்.

செம்பனைகளுக்கு நடுவே செம்மண் பாதை. கிடா எனக்கு முன்னால் போனது. அவள் பக்கத்தில் வருவாள் என்று பார்த்தால், பின்தங்கியே வந்தாள். காலில் முள் குத்திவிட்டதா என்று நின்று திரும்பினேன்.

"என்ன, நடக்க முடியலையா?"

"நிக்காதீங்க, போங்க" என்றாள். முகமெல்லாம் மஞ்சள் திட்டு, கண் இன்னும் காயவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "இத்தன நாளும் பயந்துக்கிட்டே பாத்தேன். இன்னிக்குத்தான் சும்மா பாக்கறேன். நடங்க."

நான் முன்னால் திரும்பி, கொஞ்சம் கூடுதலாகவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வீடு வரைக்கும் நடந்தேன்.